பார்வதத்தின் பிஸ்கட் டின்

செங்கல்பட்டிலிருந்து கிஃபாயத்துல்லா பாய் தினமும் காலை ஏழு மணிக்குப் பெயர் கூப்பிடுவார். பள்ளிக்கூடத்தில் வாத்தியார் வருகை எடுப்பது போலத்தான். என்ன, பிள்ளைகள்தான் கொஞ்சம் வயதானவர்கள். வகுப்பும் ஒரே இடத்தில் இல்லை. கருங்குழியில் ஒருவர், மதுராந்தகத்தில் ஒருவர், சிங்கப்பெருமாள் கோயிலில் ஒருவர் என்று ஆளுக்கொரு ஊரில், ஆளுக்கொரு ரேடியோ முன்னால் காபி டம்ளரோடு உட்கார்ந்திருப்பார்கள். முறையாகப் பரீட்சை எழுதி, அரசாங்க லைசென்ஸ் வாங்கி, சொந்த வீட்டிலிருந்து வானலையில் பேசுகிற ஹாம் ரேடியோக்காரர்கள். இந்தக் காலைக் கூட்டத்துக்கு அவர்கள் வைத்த பெயர் 'நெட்'.

நாவலூரில், ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பின் ஐந்தாவது மாடியில், பார்வதமும் ஏழு மணிக்குக் காபியோடு உட்கார்ந்துவிடுவாள்.

"பாப்பா வாஷிங்டன்," என்று பாய் கூப்பிடுவார். லைசென்ஸோடு பார்வதத்துக்குக் கொடுத்த அழைப்புக்குறியில் கடைசி இரண்டு எழுத்துகள் பி, டபிள்யூ. இரைச்சலில் எழுத்து குழம்பாமலிருக்க வானலையில் பிக்கு 'பாப்பா', டபிள்யூவுக்கு 'விஸ்கி' என்று சொல்வதுதான் உலக வழக்கம். ஐந்து வேளை தொழுகிற மனிதர் விடிந்ததும் விடியாததுமாய் வாயைத் திறந்து விஸ்கி என்பாரா? வாஷிங்டன் என்று மாற்றிவிட்டார். யாரும் கேள்வி கேட்கவில்லை.

பார்வதம் மைக்கை அழுத்தி, "இருக்கேன் பாய். பார்வதம் வந்திருக்கேன்," என்பாள். பாய் காத்திருப்பார். மற்றவர்களுக்குக் காத்திருக்கும் அதே நேரம், கூடவும் இல்லை, குறையவும் இல்லை. அந்த இடைவெளியில் வெறும் இரைச்சல் மட்டும் கேட்கும். பிறகு, "பதில் இல்ல. அடுத்து," என்று கருங்குழி பூபாலனைக் கூப்பிடப் போய்விடுவார்.

அவர் பேசுவது இவளுக்குத் துல்லியமாகக் கேட்கிறது. இவள் பேசுவது அவருக்குக் கேட்கவில்லை. மகள் ஹரிப்ரியாவின் இந்த ஃபிளாட்டுக்குக் குடிவந்த நாளிலிருந்து இதே கதைதான். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்று கத்துகிறவளாய்த் தன்னை நினைத்துக்கொண்டு பார்வதம் பல நாள் காபியை ஆறவிட்டிருக்கிறாள்.

"போன் பண்ணி இருக்கேன்னு சொல்லிடேன்," என்று கணவர் சுப்புராமன் ஒருநாள் யோசனை சொன்னார்.

அதையும் செய்துபார்த்தாள். பாய் நலமெல்லாம் விசாரித்துவிட்டு, "போன்ல வந்தா அது வெசாரிப்பும்மா. காத்துல வந்தாத்தான் வருகை," என்று சொல்லிவிட்டார். அந்த விஷயத்தில் அவர் ஒரு கல்.

எப்போதுமே அப்படித்தான். பார்வதம் கல்பாக்கம் அணு ஆராய்ச்சி நிலையத்தில் கருவிகள் பிரிவில் வேலை பார்த்த காலத்தில், பாய் செங்கல்பட்டு ஸ்டேஷன் பக்கத்தில் மோட்டார் காயில் கட்டும் கடை வைத்திருந்தார். இரண்டு பேரும் ஒரே வருஷம் ஹாம் பரீட்சை எழுதினார்கள், ஒரே நாளில் லைசென்ஸ் வாங்கினார்கள். வருஷத்துக்கு ஒருமுறை எல்லாரும் சேர்ந்து மாமல்லபுரம் கடற்கரையில், சவுக்குத் தோப்புக்கும் மணலுக்கும் நடுவே கம்பி கட்டிக் கூடாரம் போட்டுப் பேசுவார்கள். பாயின் மனைவி அமீனா பீவிக்கு ரேடியோவில் அக்கறை கிடையாது. ஆனால் பெரிய தூக்குச் சட்டியில் நெய்ச்சோறு கொண்டுவந்து, ஆன்டெனாக் கயிற்றில் ஆடு மேயாமல் பார்த்துக்கொள்வதும் அவர்தான். ஒருமுறை கையடக்க ரேடியோவை அமீனா பீவி கையில் கொடுத்து, தண்ணீர் ஓரமாக நடந்துபோய்ப் பேசச் சொன்னார்கள். கட்டிய மனைவி முதன்முதலாய் வானலையில் பேசுகிறாள், நன்றாக இருக்கிறது என்று ஒரு வார்த்தை சொன்னால் என்ன? "அஞ்சுக்கு ரெண்டுதான் தேறும். பாதி வார்த்தை முழுங்கிடுச்சி," என்று சிக்னலுக்கு மார்க் போட்டார் மனிதர். அன்று சாயங்காலம் வரை அமீனா பீவி அவரோடு பேசவில்லை. நெய்ச்சோற்றில் கறித்துண்டு மற்ற எல்லார் தட்டுக்கும் போனது.

அந்தக் கடற்கரையை நினைத்தால் பார்வதத்துக்கு இன்றும் நெஞ்சு நிறைந்துவிடும். உப்புத் தண்ணீர் பக்கத்தில் இருந்தால் ரேடியோ அலைக்கு இறக்கை முளைத்துவிடும். ஒரு துண்டுக் கம்பியைக் கட்டிவிட்டு எங்கெங்கோ பேசினார்கள். வெயில் முகத்தைத் தீய்க்கும், மணல் பல்லில் கடிபடும், யாரும் கிளம்ப மாட்டார்கள். சுப்புராமன்கூட ஒரு ஓரத்தில் வேட்டியை மடித்துக்கட்டிக்கொண்டு பேப்பர் படித்தபடி இருப்பார். அமீனா பீவி போய்ச் சேர்ந்த பிறகு அந்தக் கடற்கரைக் கூட்டம் நின்றுபோயிற்று. மிச்சம் இருந்தது ஏழு மணி நெட் ஒன்றுதான்.

சித்திரை பிறந்த கையோடு ஒருநாள், எல்லார் பெயரையும் கூப்பிட்டு முடித்துவிட்டு, பாய் தொண்டையைக் கனைத்துக்கொண்டார்.

"ஒரு அறிவிப்பு. பொண்ணு ஃபைஸா சார்ஜாவுக்கே வந்துருங்குது. தனியா இன்னா பண்ணிகினு கீறே வாப்பான்னு ஒரே பேஜாரு. சரின்னுட்டேன். இந்த மாசக் கடைசி ஞாயித்துக்கிழமை வரைக்கும்தான் நான் நெட் நடத்துவேன். அப்பறம் யார் எடுத்து நடத்துறதுன்னு நீங்க பேசிக்கோங்க. ஓவர்."

பார்வதம் மைக்கை அழுத்தி என்னென்னவோ சொன்னாள். ஒன்றும் போய்ச் சேரவில்லை. ரேடியோவை அணைத்தாள். மனிதர் இத்தனை மாதமாய்ப் பதில் வராத ஒரு பெயரை ஒருநாள்கூட விடாமல் கூப்பிட்டிருக்கிறார். அவர் போவதற்குள் ஒரே ஒருமுறையாவது அந்த அழைப்புக்குக் காற்றிலேயே பதில் சொல்லிவிட வேண்டும். அதைவிடப் பெரிய ஆசை அப்போது அவளுக்கு எதுவும் இல்லை.

குறை எங்கே இருக்கிறது என்பது ஓரளவு தெரிந்ததுதான். மொட்டை மாடியில் எதையும் கட்டக் கூடாது என்று குடியிருப்போர் சங்கம் சொல்லிவிட்டதால், பால்கனியிலேயே ஒரு குட்டை ஆன்டெனாவைச் சுற்றிக் கட்டியிருந்தாள். அது சரியான அலைவரிசையில் நிற்கவில்லை. அவளுடைய ரேடியோவோ அவளே செய்த குறைந்த சக்தி செட். அதிலிருந்த மீட்டர் முள் எதற்கும் அசையாது, அரசமரத்தடிப் பிள்ளையார் மாதிரி. கண்ணை மூடிக்கொண்டு கம்பியை நீட்டியும் குறைத்தும் பார்த்ததில் பலன் இல்லை. அளந்து பார்க்க வேண்டும். அளக்க ஒரு கருவி வேண்டும்.

அந்தக் கருவியின் பெயர் வெக்டர் நெட்வொர்க் அனலைசர். பெயர்தான் மிரட்டும், செய்கிற வேலை எளியது. கம்பியில் ஒரு சின்ன சிக்னலை அனுப்பும். எவ்வளவு திரும்பி வருகிறது, எந்த நேரக்கணக்கில் திரும்பி வருகிறது என்று பார்க்கும். ஆன்டெனா ஒத்துப்போகிற அலைவரிசையில் சிக்னல் திரும்பி வராது, வெளியே பறந்துவிடும். திரையில் கோடு அந்த இடத்தில் ஒரு பள்ளம் விழும். பள்ளம் எங்கே விழுகிறதோ அங்கே பேசலாம்.

கல்பாக்கத்தில் அப்படி ஒன்று இருந்தது. இரண்டு ஆள் சேர்ந்து தூக்க வேண்டிய கனம், பச்சைக் கோடு, ஓயாத விசிறிச் சத்தம். அதைத் தினமும் சரிபார்த்து வைக்கும் வேலை பார்வதத்துடையது. அதன் முனையில் மாட்டிச் சரிபார்க்கும் மூன்று சின்ன உருப்படிகளை மரப்பெட்டியில் வெல்வெட் போட்டு வைத்திருப்பார்கள். ஒன்று திறந்தே இருக்கும், ஒன்று மூடியே இருக்கும், ஒன்று ஐம்பது ஓம் மின்தடை. கல்யாண நகையை எடுப்பது போலத்தான் எடுப்பாள். எந்தக் கருவியும் கொஞ்சம் பொய் சொல்லும், எவ்வளவு சொல்கிறது என்று முதலில் தெரிந்துகொள்ள வேண்டும் என்று புதிதாய் வருகிறவர்களிடம் சிரித்துக்கொண்டே சொல்வாள்.

"கையில அடங்குற மாதிரி வந்துடுச்சும்மா. ஆர்டர் போட்டா நாளைக்கே வீட்டு வாசல்ல இருக்கும்," என்றாள் ஹரிப்ரியா, லேப்டாப்பிலிருந்து கண்ணை எடுக்காமலே.

"வேண்டாம். நானே பண்றேன்."

"ஏம்மா?"

"வாங்கினது என்ன பொய் சொல்லும்னு எனக்குத் தெரியாது. நான் செஞ்சது சொல்லுற பொய்யெல்லாம் எனக்குத் தெரியும்."

ஹரிப்ரியா அப்பாவைப் பார்த்தாள். சுப்புராமன் நமக்கேன் வம்பு என்று விட்டத்தைப் பார்த்தார்.

மறுநாளே எலக்ட்ரானிக் சாமான் வாங்க ரிச்சி தெருவுக்குப் போய் வந்தாள். சமையலறை மேடையில் பாதி இடம் அவளுடையதாயிற்று. சிக்னல் தயாரிக்கிற ஒரு சின்னச் சில்லு, போனதையும் வந்ததையும் பிரித்துக் காட்டும் ரெசிஸ்டர் பாலம், இரண்டையும் ஒப்பிட்டுச் சொல்லும் இன்னொரு பகுதி. எல்லாவற்றையும் செப்புத் தகட்டில் பற்றவைத்து, ஒரு பழைய பிஸ்கட் டின்னுக்குள் பொருத்தினாள். தகரம் நன்றாக ஈயம் பிடிக்கும், வெளியிரைச்சலும் உள்ளே வராது. டின் மேல் சிரிக்கிற குழந்தைப் படம் அப்படியே இருந்தது. சரிபார்க்கும் மூன்று உருப்படிகளையும் அவளே செய்துகொண்டாள். வெல்வெட்டுக்கு எங்கே போவது, வெற்றிலைப் பெட்டியில் பஞ்சு வைத்துப் போட்டாள். ரசம் கொதிக்கிற வாசனையும் ஈயப் புகையும் ஒன்றாய் வந்த அந்த நாட்களில் கண் கொஞ்சம் மங்கியிருந்தாலும் கை பழைய கைதான் என்று கண்டுகொண்டாள். அதில் அவளுக்குச் சின்னப் பிள்ளை மாதிரி சந்தோஷம்.

ஒருநாள் முற்பகல், வீட்டு வேலையெல்லாம் முடிந்த பிறகு, டின்னை ஆன்டெனாவோடு இணைத்து, லேப்டாப்பில் கோட்டைப் பார்த்தாள். பள்ளம் வேறெங்கோ கிடந்தது. கம்பியைத் துளித்துளியாய் வெட்டி, நகர்த்தி, நெட் நடக்கிற அலைவரிசைக்கே கொண்டுவந்துவிட்டாள். மணியான பள்ளம். கல்பாக்கத்துப் பச்சைக் கோட்டில்கூட அப்படி ஒன்றை அவள் அதிகம் பார்த்ததில்லை. "நாளைக்குப் பாருங்க," என்று சுப்புராமனிடம் சொன்னாள்.

மறுநாள் ஏழு மணி. "பாப்பா வாஷிங்டன்." "இருக்கேன் பாய்!" காத்திருப்பு. "பதில் இல்ல. அடுத்து."

பார்வதத்துக்கு ஓவென்று அழ வேண்டும் போலிருந்தது. சாப்பாடெல்லாம் முடித்துவிட்டு மறுபடி அளந்தாள். பள்ளம் அதே இடத்தில் அழகாக இருந்தது. டின்னைப் பிரித்துச் சோதித்தாள், உருப்படிகளைப் புதிதாய்ச் செய்தாள், வயரை மாற்றினாள். பகலில் எப்போது அளந்தாலும் எல்லாம் சரி, காலையில் பேசினால் ஒன்றும் போகவில்லை. மாதம் பாட்டுக்குக் கடைசியை நோக்கி ஓடிக்கொண்டிருந்தது. தான் செய்த கருவியின் பொய்யெல்லாம் தனக்குத் தெரியும் என்று பெருமையடித்தவளுக்கு அது என்ன பொய் சொல்கிறது என்றே பிடிபடவில்லை.

கடைசி ஞாயிற்றுக்கிழமைக்கு முந்தைய வியாழக்கிழமை, குடியிருப்பில் தண்ணீர்த் தொட்டி கழுவினார்கள். காலையில் குழாயில் தண்ணீர் இல்லை. கீழே போய்க் குடத்தில் பிடித்து வந்ததில் பார்வதத்துக்கு அன்றைய நெட் தவறிப்போயிற்று.

இந்த வீட்டில் துணி துவைப்பது சுப்புராமனின் இலாகா. ஓய்வு பெற்ற பிறகு எடுத்துக்கொண்ட பொறுப்பு, அதில் யாரையும் தலையிட விடமாட்டார். பால்கனியில் எஃகுக் கம்பியில் கொடி கட்டியவரும் அவர்தான். அது கிழக்குப் பார்த்த பால்கனி, காலை வெயில் மட்டுமே எட்டிப் பார்க்கும். அதனால் ஆறரைக்கெல்லாம் துணி கொடியில் ஏறிவிட வேண்டும், பத்து மணிக்குள் காய்ந்து மடிப்பாகிவிட வேண்டும். அதுதான் அவர் சட்டம். அன்று தண்ணீர் வரத் தாமதமானதால், பார்வதம் முற்பகலில் கோட்டைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது, அவர் வாளியோடு முணுமுணுத்துக்கொண்டே பால்கனிக்குப் போனார்.

திரையில் பள்ளம் இடப்பக்கமாய் ஒரு அடி எடுத்து வைத்தது.

பார்வதம் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டாள். சுப்புராமன் அடுத்த துணியைப் போட்டார். பள்ளம் இன்னும் நகர்ந்தது.

"என்னங்க, இப்ப என்ன போட்டீங்க?"

"வேட்டி."

"எடுங்க."

"என்னது?"

"எடுங்களேன், ஒரு நிமிஷம்."

எடுத்தார். பள்ளம் திரும்பி வந்தது. போடச் சொன்னாள். போனது. ஈரப் பெட்ஷீட்டைப் போட்டதும் பள்ளம் திரையின் அந்தக் கோடிக்கே ஓடி, பாதி ஆழமும் தூர்ந்துபோயிற்று. எஃகுக் கம்பியும் ஈரத் துணியும் சேர்ந்து பக்கத்திலிருந்த ஆன்டெனாவின் குணத்தையே மாற்றிக்கொண்டிருந்தன. தினமும் ஆறரைக்கு ஈரத்துணி ஏறும், ஏழுக்கு இவள் பேசுவாள். பத்து மணிக்குத் துணி காய்ந்து இறங்கும், அதற்கப்புறம் நிதானமாய் உட்கார்ந்து இவள் அளப்பாள். பிஸ்கட் டின் ஒரு நாளும் பொய் சொல்லவில்லை. கேட்க வேண்டிய நேரத்தில் இவள்தான் கேட்கவில்லை.

பார்வதத்துக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. கையில் ஈரப் பெட்ஷீட்டோடு நின்ற சுப்புராமனுக்கு விஷயம் புரிந்தபோது முகம் சுண்டிப்போயிற்று.

"இத்தனை மாசமா நானா பாயை உன்கூடப் பேச விடாம வெச்சிருந்தேன்?"

"நீங்க இல்ல. உங்க பெட்ஷீட்டு."

அவர் சிரிக்கவில்லை. அன்று சாயங்காலமே கடைக்குப் போய் நைலான் கயிறு வாங்கிவந்து, எஃகுக் கம்பியைத் தன் கையாலேயே அவிழ்த்துச் சுருட்டி வைத்தார். கம்பி போனதில் பள்ளம் மறுபடி இடம் மாறிற்று. வெள்ளிக்கிழமை முழுக்கப் பார்வதம் புதிதாய் அளந்து கம்பியைத் திருத்தினாள். அவசரப்பட்டு வெட்டியதில் சனிக்கிழமை காலை கம்பி ஒரு விரல் குட்டையாகிவிட்டது. அன்றைக்கும் பதில் இல்லை. ஒட்டுப்போட்டு, ஈயம் வைத்து, சனிக்கிழமை பகலில் பள்ளத்தை இடத்தில் நிறுத்தினாள். சங்கடம் என்னவென்றால், மீதி இருந்தது ஒரே ஒரு காலைதான்.

ஞாயிற்றுக்கிழமை. சுப்புராமன் பழக்கதோஷத்தில் ஆறரைக்கே துவைத்து முடித்துவிட்டார். ஆனால் பால்கனிப் பக்கம் போகவில்லை. நிறைந்த வாளியோடு சமையலறை வாசலிலேயே, பஸ்ஸுக்கு நிற்கிறவர் மாதிரி நின்றுகொண்டிருந்தார். அவர் சட்டைத் தோளில் ஒரு ஈரத்துண்டு சொட்டிக்கொண்டிருந்தது.

பாய் ஒவ்வொருவராய்க் கூப்பிட்டார். அன்று ஒருவர் பாக்கியில்லாமல் எல்லாரும் வந்திருந்தார்கள்.

"பாப்பா வாஷிங்டன்."

"இருக்கேன் பாய். பார்வதம் வந்திருக்கேன். ஓவர்."

இரைச்சல். பிறகு, "யாரோ கூப்புட்ற மாரி கீது. திரும்ப சொல்லுங்க."

"பாப்பா வாஷிங்டன். நாவலூர்லேர்ந்து பார்வதம். ஓவர்."

"அல்ஹம்துலில்லாஹ்," என்றார் பாய். பிறகு குரலைச் சரிசெய்துகொண்டார். "பார்வதம்மா, உங்க சிக்னல் மூணு. கொஞ்சம் இரைச்சல் கீது, ஆனா வார்த்தை புரியுது. வருகை எடுத்துக்கினேன்."

"கடைசி நாள்ல ஒரு நாலு போடக்கூடாதா பாய்?"

"மூணுன்னா மூணுதாம்மா."

பூபாலன் கருங்குழியிலிருந்து சிரிப்பது எல்லாருக்கும் கேட்டது. சுப்புராமன் வாளியைக் கீழே வைத்துவிட்டு மூக்கை உறிஞ்சினார்.

வருகை முடிந்தது. பாய் ஒவ்வொருவரிடமும் இரண்டு வார்த்தை பேசினார். இனி பூபாலன்தான் நெட்டை நடத்துவார் என்று முடிவாகியிருந்தது. கிளம்பும் நேரத்தில், "இன்னும் ஒண்ணு பாக்கி கீது," என்றார்.

"நாட்ட வுட்டுப் போனவங்க பேர நாம வெச்சிக்கிறதில்ல. இனியன் கனடா போனப்ப நானே எடுத்துட்டேன். அதே மாரி இன்னியோட என் பேரையும் எடுத்துருங்க. சார்ஜாவுல எனக்கு லைசென்சு கெடையாது. கூப்ட்டாலும் நான் பதில் சொல்ல முடியாது. எல்லாரும் சம்மதம் சொல்லுங்க. ஓவர்."

அது அவர் போட்ட சட்டம், கேட்பதும் அவர்தான். "சம்மதம் பாய்," என்றார் பூபாலன், உடைந்த குரலில். மதுராந்தகம் சம்மதம் என்றது. சிங்கப்பெருமாள் கோயில் சம்மதம் என்றது. பார்வதத்தின் முறை வந்தது.

"சம்மதம் இல்ல பாய்," என்றாள். "நாளைக்கு ஏழு மணிக்கு இந்த நெட்ல உங்க பேரைக் கூப்பிடணும். பூபாலன் கூப்பிடலேன்னா நான் கூப்பிடுவேன். பதில் வராட்டியும் கூப்பிடுவேன். ஓவர்."

பார்வதம் மைக்கை இறுகப் பிடித்துக்கொண்டு காத்திருந்தாள்.

"சரியாக் கேக்கல பார்வதம்மா," என்றார் பாய். "அமுங்கிப் போச்சு. திரும்ப சொல்லுங்க."

பார்வதம் திரும்பச் சொன்னாள்.

"இன்னொரு தபா."

"இன்னா பாய்," என்று பூபாலன் இடையில் புகுந்தார், "அக்கா பேசறது எனக்கே இங்க சும்மா கணீர்னு கேக்குது. உங்களுக்கா கேக்கல?"

"நீ சும்மா கெட பூபாலா. அவங்க சொல்லட்டும்."

பார்வதம் மைக்கை மறுபடி அழுத்தினாள். இந்த முறை ஒவ்வொரு வார்த்தையாக, நிறுத்தி நிறுத்திச் சொன்னாள்.